கைப்பிடி தெரியாத இடம்

நீலசந்திரா வட்டாரத்தில் பிரிஜெட் டீச்சரிடம் வாய் கொடுத்துவிட்டு மானத்தோடு திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆள் என்னவோ ஐந்தடிக்கும் குறைவு, குரலும் பெரிதில்லை. ஆனால் ஒன்றைச் சரி என்று நினைத்துவிட்டால் பிறகு அவளை அசைக்க ஆண்டவனாலும் ஆகாது. இதை அவள் கணவர் ஓஸ்வால்டே அக்கம்பக்கத்தில் பெருமையும் பயமும் கலந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில், தன் பத்தொன்பதாவது வயதில், அங்கிருந்த தமிழ்ப் பள்ளியில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்தாள். பாலர் வகுப்பு முதல் பத்தாவது வரை ஒரே காம்பவுண்டு. அத்தனை பேருக்கும் டிராயிங்குக்கு அவள் ஒருத்திதான். அந்தக் காலத்தில் டிராயிங் என்றால் காப்பி ஷீட். அச்சடித்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடு பிசகாமல் அப்படியே வரைய வேண்டும், அவ்வளவுதான். திராட்சையைத் தள்ளுவண்டியில் மட்டுமே பார்த்த கூலிக்காரர் பிள்ளைகள் வருஷம் முழுக்கத் திராட்சைக் கொத்து வரைந்து கொண்டிருந்தார்கள். பிரிஜெட் வந்த இரண்டாம் மாதமே அந்த ஷீட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டாள். பாலர் வகுப்புக்குச் செங்கல் துண்டும் அடுப்புக்கரியும் கொடுத்து, வரையச் சிமெண்டுத் தரையை விட்டுவிட்டாள். பெரிய பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் ஒரு வாளியோ செருப்போ வைப்பாள்.

"உன் எடத்துலேந்து என்ன தெரியுதோ அத மட்டும் போடு. தெரியாதத தெரிஞ்ச மாதிரி போட்டே, பேப்பர கிழிச்சிருவேன்" என்பாள். சொன்னபடி கிழிக்கவும் செய்வாள்.

பதினைந்து வருஷம் இப்படி ஓடியது. அறுபத்திரண்டில் ஹெட்மாஸ்டர் தேசிகன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் பள்ளிக் கமிட்டிக்காரர்கள் இருமினாலே எழுந்து நின்றுவிடுவார்.

"டீச்சர், டிராயிங் பீரியடை எல்லாம் கணக்குக்குக் கொடுத்துடலாம்னு கமிட்டியில சொல்றா. இந்த வருஷம் குழந்தைகளை கவர்ன்மெண்ட் டிராயிங் லோயர் கிரேடு பரீட்சைக்கு அனுப்புங்கோ. பாதிக்கு மேல பாஸ் ஆனா நான் பேசிப் பார்க்கறேன். இல்லேன்னா டிராயிங்கும் இல்லை, உங்க போஸ்டும் இல்லை."

"பாதி என்ன சார், எல்லாமே பாஸ் ஆவும்" என்றாள் பிரிஜெட்.

ஒன்பது பேரை அனுப்பினாள். அதில் ஒருத்தி அவள் மகள் ரெஜினா. பரீட்சை ஹாலில் நடுவில் ஸ்டூல் போட்டு அதன்மேல் எனாமல் ஜக் ஒன்றை வைத்திருந்தார்கள். சுற்றி நாலு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து வரைந்தார்கள். ரிசல்ட் வந்தது. மற்ற பள்ளிகளில் எல்லாரும் பாஸ். பிரிஜெட்டின் ஒன்பது பேரில் நாலு பேர்தான் பாஸ். பாதிக்கு ஒரு ஆள் குறைவு.

அன்று மாலை கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். மறுநாள் ஒன்பது பேரையும் வீட்டுக்கு வரவழைத்தாள். வீட்டு ஜக்கை முற்றத்து நடுவில் வைத்து, "அன்னைக்கு அவங்கவங்க எங்க உக்காந்தீங்களோ அங்க உக்காருங்க. ஜக்கும் அன்னைக்கு எந்தப் பக்கம் பாத்துதோ அப்படியே திருப்புங்க" என்றாள்.

உட்கார்ந்தார்கள். பிரிஜெட் ஒவ்வொருவர் பின்னாலும் குனிந்து நின்று பார்த்தாள். கைப்பிடிப் பக்கம் இருந்த மூன்று பேரும் பாஸ். எதிர்ப்பக்கம் இருந்த ஆறு பேருக்கு ஜக்கின் மூக்கும் வயிறும்தான் தெரியும், கைப்பிடி பின்னால் மறைந்துவிடும். அவர்களில் ஐந்து பேர் கைப்பிடி போடவில்லை. ஐந்து பேரும் ஃபெயில். பேப்பர் திருத்தியவர் ஒரே ஒரு மாதிரிப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'கைப்பிடி இல்லை' என்று அடித்துத் தள்ளியிருக்கிறார். புண்ணியவான்.

ஆறாவது ஆள் ரெஜினா.

"நீ இங்கதான உக்காந்தே? உனக்குக் கைப்பிடி தெரிஞ்சுதா?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியல. ஆனா கைப்பிடி இல்லாம ஜக்கு எப்படிம்மா இருக்கும்? பக்கத்து ஸ்கூல் பொண்ணுங்க எல்லாம் போட்டாங்க. நானும் போட்டேன்."

ஐந்து பேருக்காக வாதாடப் போனால் பிரிஜெட் எந்த நியாயத்தைச் சொல்வாளோ, அதே நியாயம் மகளின் பாஸைப் பறித்துவிடும். அன்றிரவு சாப்பாட்டின்போது ஓஸ்வால்ட் சிரித்துக்கொண்டே, "பெத்த பொண்ணுக்கே ஆப்பு வெக்கப் போற ஒரே டீச்சர் நீதான். சும்மா விடேன், இது பெரிய பேஜார்" என்றார். பிரிஜெட் எழுந்து போனாள். ஜக்கைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தாள்.

பரீட்சை ஆபீஸ் வாசலில் பியூன் முனியப்பன் மறித்தான். "ஜக்கு எடுத்துக்கினு எங்கம்மா போறே?"

"உங்க ஐயாவுக்குப் பரீட்சை வெக்கப் போறேன். வழிய விடு."

அதிகாரி வெங்கடசுப்ரமணியன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகத்தான் கேட்டார். "மத்த ஸ்கூல் குழந்தைகள் அந்தப் பக்கம் உக்காந்தும் கைப்பிடி போட்டிருக்காளேம்மா. உங்க குழந்தைகளுக்கு மட்டும் எப்படித் தெரியாம போச்சு?"

பிரிஜெட் ஜக்கை எடுத்து அவர் மேஜையின் மறுகோடியில், மூக்கு அவரைப் பார்க்கும்படி வைத்தாள். ஒரு காகிதத்தையும் பென்சிலையும் அவர் முன்னால் தள்ளினாள். "நீங்க வரைங்க சார்."

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் என்ன தோன்றியதோ, வரைந்தார். மூக்கு, வாய், வயிறு எல்லாம் போட்டுவிட்டு, கை பழக்கத்தில் வலப்பக்கம் ஒரு வளைவு இழுத்தது.

"அது எங்க சார் இருக்கு? காட்டுங்க."

வெங்கடசுப்ரமணியன் ஜக்கைப் பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தால்தான் தெரியும் போலிருந்தது. எழவில்லை. ரப்பரை எடுத்துத் தன் வளைவை அழித்தார். முனியப்பனைக் கூப்பிட்டு அவள் பள்ளிப் பேப்பர் கட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

ஐந்து பேப்பரிலும் சிவப்பு மையை அடித்து மார்க் போட்டார். "எட்டு, ஒன்பது. எல்லாரும் பாஸ். போதுமாம்மா?"

"போதாது சார். ஒன்பதுல ஒண்ணு தப்பு. ரெஜினா பேப்பர எடுங்க. அவளும் அந்தப் பக்கம்தான் உக்காந்தா."

"பாஸ் ஆனவாளை நாங்க தொடறதில்லை. அப்படிப் பார்த்தா மத்த ஸ்கூல்ல பாதிப் பேரை நான் ஃபெயில் பண்ணணும்."

"அது உங்க பாடு. என் ஸ்கூல் பேப்பருக்கு நான்தான் பதில் சொல்லணும். அவ என் பொண்ணு. நாளைக்கு அஞ்சு பேருக்காக வந்தவ தன் பொண்ண மட்டும் ஒளிச்சு வெச்சான்னு ஒரு வார்த்த வந்தா, நான் அந்த கிளாஸ்ல நிக்க முடியாது சார்."

அவர் வெகுநேரம் பேனாவைத் திறக்காமலே வைத்திருந்தார். பிறகு திறந்து, ரெஜினா பேப்பரில் இருந்த மார்க்கை அடித்தார்.

டிராயிங் பீரியடு பிழைத்தது. தேசிகன் கமிட்டி முன்னால் எட்டுப் பேர் பாஸ் என்று படித்தபோது அவர் குரல் நடுங்காதது அதுவே முதல் தடவை என்று சொல்வார்கள்.

வீட்டில் ரெஜினா இரண்டு நாள் சாப்பிடவில்லை, பேசவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டாள். "எல்லாருக்காகவும் பேசினியே. எனக்காக ஒரு வார்த்த பேசினியா?"

பிரிஜெட் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, அழுதாள். "உனக்காகத்தாண்டி அதிகமா பேசினேன். மத்த அஞ்சு பேரும் அவங்க கண்ண நம்பினாங்க. நீ அடுத்தவ பேப்பர நம்பினே. அத நான் பாஸ் போட்டுட்டு வந்தா, ஆயுசுக்கும் நீ அப்படித்தான் இருப்பே."

ரெஜினா திரும்பவில்லை. படுத்தபடியே, "அடுத்த வருஷம் பரீட்சை எந்த மாசம்?" என்று கேட்டாள்.