டீச்சருக்கு யார் கதை சொல்வது

என் மனைவி சின்னப் பிள்ளைகளின் டீச்சர். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, தனி ஆளாக வெல்டிங் பட்டறை வைத்து முன்னுக்கு வந்தவன். எங்கள் ஊரில் ஆடாமல் நிற்கிற இரும்புக் கதவுகளில் பாதி என் கைவேலை. ஆனால் இங்கே சொல்ல வந்தது அவளைப் பற்றி.

அவளிடம் பழைய படப் புத்தகம் ஒன்று உண்டு. குடை பிடித்த நரி மழையின் வீட்டைத் தேடிப் போகிற கதை. இன்றைய பிள்ளைகளின் அப்பா அம்மாவும் பார்த்து வளர்ந்த புத்தகம். கிழிந்த ஓரமெல்லாம் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். வகுப்பு ஜன்னலுக்குக் கம்பி மாற்றப் போனபோதுதான் அவள் அதை நடத்தும் அழகைப் பார்த்தேன். புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுத்தை வாசிக்கவே இல்லை. நடுக்காட்டில் நிறுத்தி, நரி இனி எங்கே போகும் என்று கேட்டாள். செருப்பு வாங்கப் போகும் என்றான் ஒருவன். மழைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறது, அங்கேதான் போகும் என்றாள் இன்னொருத்தி. இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் வேலையை மறந்து நின்றேன். வேலையை மறக்கிற ஆள் இல்லை நான்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு வாண்டு கேட்டது: "டீச்சர், உங்களுக்கு யாரு கதை சொல்லுவாங்க?"

சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்தும் முகம் சரியில்லை. கிண்டிக் கேட்ட பிறகு சொன்னாள். பிறந்த வீட்டில் மூத்தவள் அவள்தான். தம்பி தங்கைகளுக்குக் கதை சொன்னாள், பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு, பிறகு ஊரார் பிள்ளைகளுக்கு. உட்கார்ந்து கேட்டதே இல்லை. அவளுடைய அம்மா வேலை முடிந்து வந்து, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவாராம்.

அடுத்த விடுமுறையன்று மதியம் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்."

"நான் இரும்போட மல்லுக்கட்டுறவன். எனக்கென்ன தெரியும் டீச்சரம்மா?"

"ஊரைக் கூட்டி வச்சு உங்க பெருமைய மணிக்கணக்கா அளக்கறீங்க. எனக்கு ஒரு நரிய அளக்கக் கூடாதா?"

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் பில்லைப் பார்க்கிற மாதிரி என் பக்கமாகவே புத்தகத்தை விரித்தேன். படம் தெரியவில்லை என்றாள். அவள் பக்கம் திருப்பினேன். திருப்பியதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காற்றில் நரியின் குடைக்கம்பி ஒடிந்தது, வழியில் ஒரு பட்டறை இருந்தது, பட்டறைக்காரன் கைராசிக்காரன், காசு வாங்காமல் பற்றவைத்துக் கொடுத்தான் என்றேன். அவள் கேலி செய்யவில்லை. கன்னத்தில் கை வைத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கு வாழ்க்கைப்படுவதற்கு வெகு முன்னால் அவளுக்கு இருந்த முகம் அது; நான் பார்த்தேயிராத முகம்.

பட்டறையோடு என் கதை தீர்ந்துபோனது. நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றாள்.

எவ்வளவு பெரிய வேலைக்கும் முடியாது என்று சொன்னதில்லை நான். அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் சரக்கு இல்லை. மெல்லப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.