பூஜை முடிந்த முதல் ஷிஃப்ட்

எங்கள் ஃபாக்டரியில் எனக்குத் 'தேதி அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. காரணம் சின்ன விஷயம். பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு டிராயிங்குகளை மாற்றியபோது எல்லா ஃபோல்டரும் அன்றைக்குத்தான் பிறந்த மாதிரி ஒரே தேதியைக் காட்டின. எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் டிசைன் ஆட்கள் என் உயிரை எடுத்தார்கள். பழைய சர்வரில் இருந்த தேதிகளை அப்படியே எடுத்துப் புதியதில் ஏற்றிவிட்டேன். ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆளாளுக்கு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மகனுடைய காலேஜ் பிராஜெக்ட் போன வாரமே முடிந்துவிட்ட மாதிரி காட்ட முடியுமா என்று அக்கவுண்ட்ஸில் ஒருவர் பென் டிரைவோடு வந்து தலையைச் சொறிந்தார். விரட்டி அனுப்பினேன்.

ஃபைல் மேல் இருக்கிற தேதி டப்பா மேல் ஒட்டிய லேபிள் மாதிரிதான். கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் உறைக்காது. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள்.

நான் சேரப்பணஞ்சேரிக்காரி. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இன்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற அலுமினியக் குழாய்கள் செய்கிறோம். கடைசி ஸ்டேஷனில் ஒவ்வொரு குழாயிலும் காற்றை அடைத்து, கசிகிறதா என்று மெஷின் பார்க்கும். குழாயின் நம்பரையே பெயராக வைத்து, ஒரு குழாய்க்கு ஒரு ஃபைல் பக்கத்துக் கம்ப்யூட்டரில் விழும். அன்றைய தேதி போட்ட ஃபோல்டருக்குள் அது தானாகப் போய் உட்காரும்.

அந்த ஸ்டேஷனில் காலை ஷிஃப்ட் பார்த்தவள் ஒரு அப்ரெண்டிஸ் பெண். சங்கரன்கோவில் பக்கம். படப்பையில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பொங்கலுக்குப் பயிற்சி முடிந்து சர்டிஃபிகேட் கிடைக்கும், அது இருந்தால் பெரிய கார் கம்பெனிக்கு மனுப் போடலாம் என்று பஸ்ஸில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். நான் அவளோடு பேசியதில்லை.

ஆயுத பூஜை முடிந்து சில வாரங்களில் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. சில குழாய்கள் கசிகின்றன, எல்லாம் பூஜை விடுமுறை முடிந்து ஓடிய முதல் ஷிஃப்டில் செய்தவை, அன்றைய டெஸ்ட் ரெக்கார்டைக் காட்டுங்கள் என்றார்கள். ஃபோல்டரைத் திறந்தால் அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்டிலிருந்துதான் ஃபைல்கள் இருந்தன. காலை ஷிஃப்டுக்கு ஒன்றுகூட இல்லை. லைன் சூப்பர்வைசருக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. டெஸ்ட் செய்யாமலே குழாயை அடுத்த பக்கம் தள்ளிவிட மெஷினில் ஒரு பைபாஸ் சாவி உண்டு.

"அந்தப் பொண்ணு பூஜை மூட்ல பொரி தின்னுக்கினே பைபாஸ் போட்டு ஓட்டிக்கீது மேடம், வேற இன்னா" என்று என்னிடமும் வந்து சொன்னார்.

குவாலிட்டி மேனேஜர் அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பழைய ரெக்கார்டின் பேக்கப் இருக்கிறதா என்று கேட்பதற்காக என்னையும் கூப்பிட்டிருந்தார். பென் டிரைவில் எடுத்து வைக்கிற பேக்கப்பிலும் அந்தத் தேதிக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். "நான் டெஸ்ட் பண்ணேன் சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். மேனேஜர் நிமிரவில்லை. ஐடி கார்டைக் கழற்றி மேசை மேல் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டுப் போனாள். நானும் லேப்டாப்பை மூடிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

ஆனால் வேலை ஓடவில்லை. டீ எடுத்துக்கொண்டேன், குடிக்கவில்லை. பிரிண்டர் மக்கர் என்று யாரோ போன் செய்தார்கள், அவர்மேல் எரிந்து விழுந்தேன். நெருடியது ஒன்றுதான். பைபாஸ் போட்டு ஓட்டியிருந்தால் 'டெஸ்ட் இல்லை' என்று எழுதி மெஷின் ஒரு ஃபைலாவது போட்டிருக்கும். அதுவுமே இல்லையே. ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷின் வாயை மூடிக்கொண்டா இருந்தது?

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக லைனுக்குப் போனேன். தேதி பார்த்துத் தேடாமல், கசிந்த ஒரு குழாயின் நம்பரைத் தேடு கட்டத்தில் அடித்தேன். ஃபைல் வந்து நின்றது. ஃபோல்டரில் இருந்த வருஷத்தைப் பார்த்தால் எங்கள் கம்பெனிக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டியிருக்கவில்லை. உள்ளே போனால் அன்றைய காலை ஷிஃப்டின் குழாய்கள் ஒன்று விடாமல் இருந்தன. புகார் வந்தவை உட்பட எல்லாவற்றுக்கும் காற்றழுத்த அளவு சரியாகப் பதிவாகியிருந்தது. எல்லாரும் தேதி வரிசையில் மேலேயே பார்த்திருக்கிறார்கள். அடிமட்டம்வரை இறங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வருஷம் முழுக்க லைன் கம்ப்யூட்டர்களை யாரும் அணைப்பதே இல்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் மெயினையே இறக்கிவிட்டு, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மானிட்டருக்குச் சாமந்தி மாலையும் போடுவார்கள். இந்தக் கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட்டுகிற பொட்டு பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. கரண்ட் இருந்தவரை தெரியவில்லை. பூஜை முடிந்து மறுபடி போட்டதும் அது தன் ஆதிகாலத் தேதிக்குப் போய்விட்டது. வைரஸ் பயத்தில் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்திருந்ததால் தானாகவும் திருந்தவில்லை. இரண்டாம் ஷிஃப்ட் பையனைக் கேட்டேன். டைம் தப்பாக இருந்தது, நான்தான் சரிசெய்தேன் என்று சாதாரணமாகச் சொன்னான். யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டமும் நடையுமாக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்றம் இன்னாம்மா, நீதான் தேதி மாத்தறதுல கில்லாடியாச்சே. சரியான தேதியப் போட்டு வை. மதியம் கஸ்டமர் வர்றாங்க."

பொய்யான தேதியைத்தானே உண்மையான தேதியாக மாற்றச் சொல்கிறார், இதில் என்ன தப்பு என்று எனக்கும் தோன்றியது. அந்தப் பெண்ணுக்கும் அதோடு தொல்லை விட்டது. உட்கார்ந்தேன். கட்டளையை அடித்தும்விட்டேன். என்டர் தட்டக் கை போகவில்லை. ஒவ்வொரு ஃபைலின் உள்ளேயும் முதல் வரியில் மெஷின் அதே பழைய தேதியை எழுதியிருந்தது. வெளியே ஒன்று உள்ளே ஒன்று என்றால் பார்க்கிறவன் சிரிப்பான். உள்ளேயும் மாற்றினால் அது மெஷின் எழுதிய ஃபைல் இல்லை, நான் எழுதிய ஃபைல். அவள் வேலை செய்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தப்புத் தேதிதான். அதைத் திருத்தினால் சாட்சியே செத்துவிடும்.

மாட்டேன் என்று போய்ச் சொன்னேன். பேட்டரி செத்தது வெளியே தெரிந்தால் கம்பெனிக்குக் கேவலம் என்று குதித்தார். மெயின்டனன்ஸுக்குப் போன் போட்டு உடனே புதிய பேட்டரி மாற்றச் சொன்னார். நான் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கஸ்டமர் பார்க்கிறவரை இதை யாரும் தொடக் கூடாது என்று மெயின்டனன்ஸ் ஆளிடம் கத்தினேன். பாவம், அவன் ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பிப் போனான். வேலை போனால் போகிறது என்று நினைத்தேனா என்றால், இல்லை. போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் மதியம்வரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

வாடிக்கையாளர் தரப்பில் வந்தவர் இளவயது இன்ஜினியர். நான் ஒன்றும் விளக்கவில்லை. சுவிட்சை அணைத்தேன், போட்டேன். மூலையில் அதே பழைய வருஷம் வந்து நின்றது. ஃபோல்டரையும் திறந்து காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஃபைல்களை அப்படியே கொடுங்கள், ஒன்றையும் திருத்தாதீர்கள் என்றார். டெஸ்டுக்கு அப்புறம் ஏற்றி அனுப்பிய டிராலியில் இடிபட்டுக் குழாய் கசிந்ததா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் சகஜமாகச் சிரித்துப் பேசி அவரை வழியனுப்பினார். அந்தப் பெண் வேலைக்கு வரலாம் என்று அவளை வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டருக்கு ஒரு மெயிலும் போட்டார்.

மெயில் யார் பார்ப்பார்கள்? சாயந்திரம் நானே படப்பை ஹாஸ்டலுக்குப் போனேன். ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவளுடைய அப்பா தகவல் தெரிந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தார். கட்டி வைத்த இரண்டு பைகளுக்கு நடுவே நின்றிருந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். நாளைக்குக் காலையில் வந்து கார்டை வாங்கிக்கொள், பயிற்சியை முடித்துவிடலாம் என்றேன். அவர் மகளைப் பார்த்து, "இருக்கியாளா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"இருக்கேன்க்கா. ஆனா அந்தக் கார்ட எடுத்தவுக கையால குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, சொல்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். அவளும் அப்பாவும் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், ஒரு நிமிஷம் வந்து கொடுத்துவிட்டுப் போங்கள் சார் என்றேன். "மெயில் போட்டாச்சேம்மா, இன்னும் இன்னா?" என்று கார்டை என் பக்கம் தள்ளினார். மறுபடி கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கார்டை அவர் மேசையிலேயே விசிறியிருக்க வேண்டும். விசிறவில்லை. எடுத்துக்கொண்டு நடந்தேன்.

காலை ஷிஃப்ட் பஸ்கள் எல்லாம் வந்து காலியாகிக்கொண்டிருந்தன. அவள் யூனிஃபார்ம் போட்டுத் தலை பின்னித் தயாராக நின்றிருந்தாள். பக்கத்தில் அப்பா இரண்டு பைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையில் இருந்த கார்டை அவள் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"அவரு வரலியாக்கா?"

"மீட்டிங்ல கீறார்மா" என்றேன்.

மீட்டிங் எதுவும் இல்லை. என்னைக் கேட்காமலே அது என் வாயில் வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள். அப்பாவின் கையிலிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டு, ஊருக்குப் பஸ் ஏற, தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.