மருதோண்டி வைக்காத இடம்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு வரி எழுதினால் முந்தின வரி மறந்துபோகிறது. பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் தாங்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்குத் தந்த வீடுகள், வயலை மண்போட்டு நிரப்பிக் கட்டியவை. மாரி வந்தால் வாசலெல்லாம் குளம். கக்கூசுக் குழியும் மழைத்தண்ணீரும் ஒன்றாகிவிடும். அதில் மாடு படுக்கிறது, எலி நீந்துகிறது, என் பேரப்பிள்ளைகளும் நீந்துகிறார்கள். சுகாதாரப் பகுதித் தம்பி வீடு வீடாக வந்து எலிக்காய்ச்சல் வரும் என்று சொன்னார். அவர் தெருமுனை திரும்பவில்லை, பிள்ளைகள் மறுபடி தண்ணீருக்குள்.

“சண்டையும் முடிஞ்சி, இனி என்ன பயம் உம்மம்மா?” என்கிறாள் பேத்திகளில் பெரியவள். சண்டை முடிந்ததைச் சேற்றுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

நாங்களும் இப்படித்தான் இருந்தோம். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

அப்போது நாங்கள் கல்முனைக்குடியில் இருந்தோம். வயலுக்குப் போகும் வழியில் எருமைகள் புரளும் குட்டை ஒன்று. “அதுக்குள்ள கால் வெச்சவளுக்குப் பெருநாள் சட்டை இல்ல” என்று உம்மா தினமும் சொல்வார். தினமும் ராத்தா முன்னே போவாள், தங்கச்சி நான் பின்னே போவேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய சமயம், சேற்றுக்குள் கிடந்த மட்டி ஓடு ராத்தாவின் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. சட்டை போய்விடும் என்ற பயத்தில் அவள் வாயே திறக்கவில்லை. “செல்லினியெண்டா நாக்க அறுத்துப்போடுவன்” என்று என் வாயையும் அடைத்தாள். ஏன் நொண்டுகிறாய் என்று உம்மா கேட்டதற்கு, முள் குத்தினது என்றாள்.

பெருநாளுக்கு முதல்நாள் உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி, மருதோண்டி அரைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர்தான் வைத்துவிட்டார். ராத்தாவோ காலைத் தொடவிடாமல், தானே உள்ளங்கால் நிறைய அப்பிக்கொண்டாள். காயம் மருதோண்டிக்கு அடியில் மறைந்துபோயிற்று.

காலையில் கழுவிப் பார்த்தால், என் கால் தோடம்பழத் தோல்போல் மஞ்சளாக வெளிறிக் கிடந்தது. ராத்தாவின் கால் இரத்தச் சிவப்பு.

“பாருங்ககா, மூத்தவளுக்கு எப்படிப் புடிச்சிரிக்கி. நல்ல மாப்பிள்ளதான் வரப்போறான்” என்றார் சாச்சி. ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன். “அவளுக்கு மட்டும் எல்லா இடமும் செவந்திரிக்கி உம்மா. மருதோண்டி வைக்காத இடமும் செவந்திரிக்கி.”

உம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது. “வைக்காத இடமா?”

வந்து ராத்தாவின் கணுக்காலைத் தொட்டார். சிவப்பு அதற்கும் மேலே ஏறியிருந்தது. “அல்லாஹ்வே, நெருப்பாக் கொதிக்கிது. எங்க போன நீ, செல்லு.”

ராத்தா காலை இழுத்துக்கொண்டாள். “குட்டைக்கு” என்று நான்தான் சொன்னேன். நாக்கு அறுபடும் என்பது அந்த நேரம் மறந்துபோயிற்று.

வாப்பா பெருநாள் தொழுகைக்குப் போயிருந்தார். ஆண் துணை இல்லாமல் வேலிக் கடப்பு தாண்டாத உம்மா, முந்தானையில் கறி மணக்க, ராத்தாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினார். அங்கே காலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். இன்னும் சுணங்கியிருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் ஏசினாராம்.

மறுநாள் ராத்தாவைப் பார்க்கச் சாச்சி என்னைக் கூட்டிப்போனார். உம்மா இல்லை என்று சொன்ன பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் உம்மா தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாக ஊட்டிக்கொண்டிருந்தார். என்னை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே குட்டைக்குப் போனேன். எருமைகளுக்குப் பக்கத்தில் முழங்கால்வரை இறங்கி, என் காலும் அப்படிச் சிவக்கட்டும் என்று பொறுமையாக நின்றேன்.

ராத்தாவுக்குக் கிழிந்தது வலது காலா, இடது காலா என்று எனக்கு நினைவில்லை. அவளிடமே கேட்கலாம் என்றால் அவளைக் கடல் கொண்டுபோய்விட்டது. மருதமுனையில் இருக்கும் அவள் மகள்தான் கடைசிவரை அவளுக்குக் கால் பிடித்துவிட்டவள். தழும்பு எந்தக் காலில் இருந்தது என்று யாராவது அவளிடம் கேட்டு, இதில் சரியாக எழுதிவிடுங்கள்.