வெளியே போன குரல்

வலது கை பக்கத்தின் மேல்மூலையைத் தூக்க, இடது கை அடியில் தாங்கியது. தாள் சத்தமில்லாமல் புரண்டது. மின்விசிறியை நிறுத்தியிருந்த அறையில் வேர்வை வழிய, மைக்கின் முன் அடுத்த வரியைத் தொடங்கினார்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நண்பர்கள் வைத்த பெயர் 'வெண்கலத் தொண்டை'. நூலகத்தில் பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிறார். இதற்கு எழுதியவரின் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் பதிவு வேறு யார் கைக்கும் போகக்கூடாது. இப்போது படிப்பது ஒரு கல்லூரி மாணவிக்குப் பாடமாக வந்திருக்கும் நாவல். கடைசி அத்தியாயம்தான் பாக்கி.

அன்று மாலை சலூனில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரரின் போனில் அவர் குரலே கேட்டது. அதே நாவல்.

"என்னமா படிக்கிறான் பாருங்கண்ணே. ஓசிதான், நெட்டுல கெடக்கு."

பாதி மழித்த கன்னத்தைத் துண்டால் துடைத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

"நான்தாம்ப்பா போட்டேன்" என்றாள் மகள், பெருமையாக. பிழை பார்க்க அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பதிவுகள். "உங்க குரல ஊரே கேக்குது. காசா வாங்கினேன்?"

"நீ வாங்கல. அத எழுதின அம்மாவும் வாங்கலையே. அவங்க வருஷக்கணக்கா எழுதினதும்மா."

மகளின் சிரிப்பு அப்படியே நின்றது. அவசரமாகப் போனை எடுத்து எல்லாவற்றையும் அழித்தாள். மற்றவர்கள் இறக்கி வைத்துக்கொண்டதை அழிக்க வழியில்லை.

மறுநாள் நூலகரிடம் சொன்னார். நூலகர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"கேஸ் போட்டா இந்தப் பிரிவையே மூடிடுவாங்க சார். அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை வேற."

"நாமளே சொல்லிடுவோம் மேடம். அடுத்தவங்க வாயால தெரிய வேணாம்."

எழுத்தாளரைப் போனில் அழைத்து, நடந்ததை அவரே சொன்னார்.

"நானும் நெட்டுல கேட்டேன்" என்றார் எழுத்தாளர். "என் பதிப்பாளர்தான் எனக்குச் சொல்லாம போட்டுட்டார்னு நேத்து அவரோட சண்டை போட்டேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் இப்ப." பிறகு, "கேஸெல்லாம் வேணாம். அந்தப் பொண்ணுக்கு முடிச்சுக் குடுங்க. இனிமே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க."

கடைசி அத்தியாயத்தை அன்றே படித்தார். குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது, திரும்பப் படித்தார். பிழை பார்த்ததும் அதே அறையில்தான்.

வெளியே மாணவி காத்திருந்தாள்.

"முடிவ மட்டும் சொல்லிடாதீங்க சார்."

"நானா? மூச்சு விடமாட்டேன்."

நீட்டிய உள்ளங்கையில் மெமரி கார்டை வைத்து, அவள் விரல்களை மூடினார்.