சுண்ணாம்புப் பாடம்

என் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைத்த காலத்தில், அதை ஒரு பெரிய தியாகமாக எண்ணிக்கொண்டிருந்தேன். அது வெறும் திமிர். சிங்கப்பூரில் டிராம் வண்டி ஓடத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். பாதிரிமார் பள்ளியில் இங்கிலாந்து ராஜாக்களின் பெயரைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கவைத்தார்கள். சிராங்கூன் சாலையில் இருந்த தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கினார். இரண்டையும் இளக்காரமாகப் பேசுவதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. நான் மதராஸில் மேல்வகுப்பு வரை படித்தவன். ஓர் அரசாங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. துரைமாருக்குக் கடிதம் எழுதித் தருகிறவன். என்னைவிடச் சிறந்த வாத்தியார் இந்த ஊரில் யார் என்பதுதான் என் எண்ணம்.

மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு எட்டு. காலையில் ஆபீஸ் போவதற்கு முன் கணக்கும் இலக்கணமும். ஞாயிற்றுக்கிழமைகளில் சரித்திரம். சரித்திரத்தைப் புத்தகத்தில் படித்தால் செத்துப்போகும், கண்ணால் பார்த்துக் கையால் செய்தால்தான் உயிர்பெறும் என்று நான் ஒரு கொள்கை வைத்திருந்தேன். ஆகவே கோட்டை மலைக்கு ஏறினோம். பழைய அரசர்கள் உலாவிய இடம் என்று நான் குடையை நீட்டிக் காட்டிய பக்கமெல்லாம் புல்லும் வெள்ளைக்காரர் கல்லறைகளும்தான் இருந்தன. பிள்ளைகளுக்குத் தண்ணீர் தவித்தது. நான் இன்னும் அரைமணி நேரம் பேசினேன்.

சோழர் கடற்படையையும் கட்டினோம். பாக்குமட்டையில் ஏழு கப்பல்கள், துணிக்கந்தலில் புலிக்கொடிகள். ரோச்சோர் கால்வாயில் மிதக்கவிட்டோம். அங்கே எருமைகள் கிடந்தன. முதல் எருமை தலையைச் சிலுப்பியதும் கடாரம் வென்ற படையில் பாதி கவிழ்ந்தது. மீதியை இன்னொன்று மென்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரித்திரத்தைக் கேலி செய்கிறீர்களா என்று இருவரையும் அதட்டினேன். அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் மனதாரச் சிரித்த ஒரே பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அப்பா தீவாந்தரத் தண்டனை பெற்று, இளவயதில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர். இங்கே பல ஆண்டுகள் கைதியாகச் சாலை போட்டார், சுவர் எழுப்பினார். விடுதலையானபின் ஊர் திரும்பாமல், எருமைக் கொட்டகைகள் இருந்த பகுதியில் நாலு மாடு வாங்கிப் பால் ஊற்றிப் பிழைத்தார். பெண் கேட்டுப் போன அன்றே அவர் இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டார். மறைத்துப் பெண் கொடுக்க மாட்டேன் என்றார். என்ன குற்றம் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெருந்தன்மையாக நடந்துகொள்வதாக என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

மகன் பிறந்தபோது மனைவி என்னிடம் ஒன்று கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் அல்ல.

"பிள்ளைங்களுக்கு எங்கப்பாவே சொன்னா சொல்லட்டும். சொல்லாட்டி தெரியாமலே போவட்டும். உங்க வாயிலேருந்து மட்டும் அது வரக் கூடாதுங்க."

சரி என்றேன். பத்து ஆண்டுகள் காப்பாற்றினேன்.

கைதிகள் கட்டிய நகரம் என்ற பாடத்தை நான் ஏன் எடுத்தேன் என்று இன்றும் யோசிக்கிறேன். மனைவிக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. பெயர் சொல்லாமல் சரித்திரத்தைச் சொல்வதில் தவறில்லை என்று ஒரு வக்கீல் வாதத்தை எனக்குள் வைத்துக்கொண்டேன். உண்மை அதைவிடக் கேவலமானது. ஞாயிறுதோறும் பால்செம்போடு எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளும் அந்த எழுதப்படிக்கத் தெரியாத கிழவரை அவர்கள் என்னைவிட அதிகம் நேசித்தார்கள். அது என்னை உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலேயரின் பெரிய தேவாலயத்துக்கு முன்னால் அவர்களை நிறுத்தினேன். வெயிலில் சுவர் பளிங்கு போல மின்னியது. அது பளிங்கல்ல, சுண்ணாம்பும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து இழைத்த பூச்சு என்று விளக்கினேன். பூசியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட திருடர்களும் கொலைகாரர்களும் என்றேன். மகன், அவர்களில் தமிழரும் உண்டா என்று கேட்டான். நிறைய உண்டு என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குள் ஓர் இன்பம் ஓடியதை இந்த வயதில் மறைப்பதற்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் காலில் மாட்டுச் சங்கிலியைக் கட்டி நடக்கவைத்தேன். கைதியின் நடையை நேரில் உணர வேண்டுமாம். சமையலறையிலிருந்து வந்த மனைவி குனிந்து சங்கிலியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் அடுத்த பாடத்துக்குச் சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போனேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பகுதியை அந்தப் பழைய முறையில் பூசி, பளபளவென்று தேய்த்துக் காட்டுவது திட்டம். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு கூடை, நாட்டுச் சர்க்கரை, தேங்காய்மட்டை ஊறிய தண்ணீர், முட்டை நாற்பது. ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் படித்த செய்முறையை அரைகுறையாக நினைவில் வைத்திருந்தேன். அதைப் பற்றி ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்துவிட்டேன். உடன் வேலை பார்த்த கிராணி ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் என் படிப்பின்மேல் பொறாமை உள்ளவர் என்பது என் நினைப்பு. அதனாலேயே வரச்சொன்னேன்.

"முட்டைய நீ தின்னுன்னு குடுத்தா இந்தப் பொண்ணு அழுவுது. சுவத்துக்குன்னா நாப்பது ஒடைக்கிது" என்றாள் மனைவி. அடுத்த ஞாயிறு காலையில் அவள் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அது. யாரும் சிரிக்கவில்லை, மகளைத் தவிர.

முந்தின நாள் வாங்கிய சுண்ணாம்பைக் கரைத்து, முட்டையை மஞ்சள் கருவோடு ஊற்றி, ஈக்கள் மொய்க்கமொய்க்கப் பூசினோம். நண்பகலுக்குள் பூச்சு பாளம்பாளமாக வெடித்தது. தேய்க்கத் தேய்க்க உதிர்ந்தது. நாற்றம் வேறு. கிராணி நாற்காலியில் உட்கார்ந்து, மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, இந்தப் பூச்சு எத்தனை நூற்றாண்டு நிற்கும் என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார்.

அந்த நேரத்தில் மாமனார் பால்செம்போடு பின்கட்டு வழியாக வந்தார். சுவரைப் பார்த்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகள் முன்னால் பழைய கதைக்கு வாயைத் திறக்காதவர், ஒரு வேலை கெட்டுக்கிடப்பதைப் பொறுக்க முடியாமல் அகப்பட்டுக்கொண்டார்.

"மஞ்சக்கருவயும் போட்டீங்களா மாப்ள? வெள்ள மட்டும்தான் போடணும். சுண்ணாம்பு நாள்கணக்கா ஊறணும். நேத்து வாங்கி இன்னிக்கிப் பூசுனா வெடிக்காம என்னா செய்யும்?"

சொல்லிக்கொண்டே குந்தி உட்கார்ந்து, வெடித்ததைச் சுரண்டி எறிந்தார். புதிதாகக் கொஞ்சம் பிசைந்து, ஒரு கையகல இடத்தில் மெல்லிசாக இழுத்து, மகள் வைத்திருந்த கூழாங்கல்லை வாங்கி வட்டம் வட்டமாகத் தேய்த்தார். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஊறாத சுண்ணாம்புதான், ஆனாலும் அந்த இடம் மெல்ல மினுங்க ஆரம்பித்தது.

"தாத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மகள் கேட்டாள்.

அவருடைய கை நின்றது. "எங்கயோ பாத்திருக்கேன் தாயி" என்றார்.

கிராணி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "பெரியவருக்கு ஒங்களவிட சரித்திரம் நல்லா வரும்போல இருக்கே. பேசாம அவரையே வாத்தியாரா வச்சிருக்கலாம்."

அதற்கு நான் சிரித்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். மகன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் நான் சிறுத்துவிட்டதாகத் தோன்றியது.

"பாத்தது இல்ல. அவர் செஞ்சது" என்றேன். "கால்ல இரும்போட, கைதியா. அந்தத் தேவாலயத்துல போன வாரம் சொன்னேனே, அந்தக் கூட்டத்துல அவரும் ஒருத்தர்."

வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கிராணி துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். மாமனார் எழுந்து வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். விரல் இடுக்குகளையெல்லாம் பொறுமையாகக் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார்: "ஒங்கப்பா சொல்றது நெசந்தான்யா."

பாலை மனைவியிடம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் செம்போடு வந்த வழியே போய்விட்டார். அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அன்று மாலை மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக மனைவிக்கு ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். உண்மையை எத்தனை நாள் மறைப்பது, பிள்ளைகளுக்குச் சரித்திரம் தெரிய வேண்டாமா என்றெல்லாம். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும், "நாளைக்கிப் பிள்ளைங்களப் பள்ளிக்கூடத்துல சேத்துடுங்க. இனிமே நீங்க சொல்லிக்குடுக்க வேணாம்" என்றாள். சேர்த்தேன். சுவரில் அவர் தேய்த்த அந்தக் கையகல இடம் மட்டும் உதிராமல் இருந்தது. வருகிறவர்கள் கேட்பார்களே என்று அதையும் சுரண்டி வெள்ளையடித்தேன். இதையும் நான்தான் செய்தேன்.

மாமனாரைப் போய்ப் பார்த்துக் காலில் விழ வேண்டும் என்று பல தடவை புறப்பட்டிருக்கிறேன். சட்டை மாட்டுவதோடு சரி. படித்தவன் பால்காரர் காலில் விழுவதை மாட்டுக் கொட்டகைக்காரர்கள் பார்ப்பார்களே என்ற கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரிடம் போய் இருட்டுவதற்குள் திரும்புவாள். நான் வீட்டில் சரித்திரப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். எங்கே போனீர்கள், என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "சும்மாதான்" என்பார்கள் பிள்ளைகள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் இறந்தார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் என் மகன்தான் கொள்ளி வைத்தான். சுடுகாட்டுக்கு வந்திருந்த பல கிழவர்களை நான் பார்த்ததே இல்லை. என் மகனோ ஒவ்வொருவரையும் மாமா, சின்னத் தாத்தா என்று முறை சொல்லி அழைத்தான். அவர்கள் அவன் தலையைத் தொட்டு அழுதார்கள். யாரோ ஒருவர் என்னைச் சுட்டி இவர் யார் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

திரும்பி நடக்கும்போது மகனிடம், தாத்தாவை எதற்காகக் கப்பலேற்றினார்கள் என்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கும் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"தெரியும்ப்பா. எங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் சொன்னாரு" என்றான். சிறிது தூரம் நடந்தபின், கோபம் இல்லாமல், "ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு" என்றான்.

அவனுக்கு இப்போது பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. மனைவி போய்ப் பல காலம் ஆகிறது. அவளும் சொல்லாமலே போனாள். நான் அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை.