இராயப்பர் காலடியில் மிதவை

பைத்தா துறையில் பள்ளிப்படி மிதிக்காமலே சொந்தப் படகு வாங்கியவர் எலெயோதோரோ பாந்தா. இந்த ஆண்டுத் திருவிழாவில் மீனவர்களின் காவல் புனிதர் இராயப்பரின் சுரூபத்தைக் கடலுக்கு ஏற்றிப்போகும் பாக்கியம் அவர் படகுக்குத்தான். மனுஷன் சும்மா இருப்பாரா? நடுக்கடலில் அகப்பட்ட மஞ்சள் மிதவையைத் துடைத்துச் சுரூபத்தின் காலடியில் வைத்தார். சுற்றிலும் மெழுகுவத்தி எரிய, சப்பரம் மேட்டுத்தெருவில் ஏறியது.

வானிலை நிலையத்து யெசேனியா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மாமா, அது கடல் சூட்டை அளக்கிற கருவி! செயற்கைக்கோள் மேலருந்து அளக்கிறது சரியான்னு இதை வச்சுத்தான் பார்ப்போம். இப்போ மெழுகுவத்திச் சூட்டுல, கடல் மலையேறி நாப்பது டிகிரியில கொதிக்குதுன்னு இது காட்டுது. உலக வானிலைக் கணக்கே நம்ம கடலை நம்ப மாட்டேங்குது!"

"என் புருஷன் கிளம்பினா கடலும் பின்னாலயே மலையேறும்டி" என்று மனைவி தொமித்திலா சிரித்தாள்.

"களவுப் பொருளோட சாமியை ஏத்தலாமா? என் படகுல ஏத்துங்க" என்று பக்கத்துப் படகுக்காரர் புலோரோ குத்தினார்.

எலெயோதோரோ மிதவையைத் தட்டிக்கொடுத்தார்.

"களவாவது! மந்திரிக்கக் கூட்டிட்டு வந்தேன்யா. இராயப்பர் முன்னாலயே என் படகுலருந்து கடல்ல இறக்கி விடுறேன்."

கூட்டம் கைதட்டியது. மேளதாளத்தோடு அவர் படகில் சாமியும் மிதவையும் ஏறின. மிதவை தண்ணீரைத் தொட்டதும் யெசேனியா கைபேசியைப் பார்த்தாள்.

"கடல் மலையிலருந்து இறங்கிருச்சு மாமா!"

அன்றுமுதல் வானொலியில் வானிலை சொன்னால், "நான் மந்திரிச்சு விட்டது பேசுது, கேளுங்க" என்பார் எலெயோதோரோ.