கடுகு வெடித்த ஞாயிறு

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் துக்கத்தைவிட நிம்மதிதான் மேலே வருகிறது. அதற்கான காரணத்தை உறவினர்களும் நண்பர்களும் அறிய வேண்டும்.

அப்பா பிறந்தது மல்லாங்கிணற்றில். காட்டில் விவசாய வேலை குறைந்துபோனதும் சிவகாசிக்கு வந்து பட்டாசுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஆறு நாளும் வெடிமருந்தோடு கிடப்பவர், ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வந்துவிடுவார். அவசரமே பட மாட்டார். மல்லி, மிளகு, சீரகம் வறுத்து அரைத்து வெள்ளாட்டுக் கறியில் சுக்கா வைப்பார். தூத்துக்குடியிலிருந்து சாளை மீன் வந்தால் மாங்காய் போட்டுக் குழம்பு. தை பிறந்தால் மொச்சையும் கத்தரிக்காயும். ஞாயிறு ஒருநாள்தான் அம்மா உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒருநாள் தொழிற்சாலையில் பக்கத்து அறையில் மருந்து உராய்ந்து வெடித்தது. அப்பாவோடு வேலை பார்த்த இருவர் இறந்தார்கள். அப்பாவுக்கு முதுகிலும் கையிலும் தீக்காயம். காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே தெருவுக்கு ஓடிவிடுவார். அம்மா தாளிப்பதையே விட்டார். மூன்று வருடம் தாளிக்காத குழம்புதான். தன்னால்தான் வீட்டில் ருசி போனது என்று அப்பா குன்றிப்போனார். பாதித் தட்டில் எழுந்துவிடுவார். இப்படியே முடிந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

ஒரு ஞாயிறு அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். நான் வேலை பார்க்கும் காலண்டர் கம்பெனியில் சீசன் நேரம், அன்றும் வேலை இருந்தது. மதியம் வேனை விட்டு இறங்கி நடக்கையில் வீட்டுக்குள்ளிருந்து படபடவென்று சத்தம். அப்பாவுக்கு என்ன ஆனதோ என்று ஓடினேன்.

அவர் அடுப்பு முன்னால் நின்றிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கரண்டியை மட்டும் விடவில்லை.

"பயப்படாத தாயி, கடுகுதான்" என்றார்.

காலையிலிருந்து அம்மா கஞ்சியைத் தொடவில்லையாம். அப்பாவே போய்ச் சாளை வாங்கி வந்து குழம்பு வைத்திருக்கிறார். தாளிக்காமல் இறக்க அவருக்கு மனம் வரவில்லை. அம்மா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகே அப்பா தன் தட்டை எடுத்தார்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஞாயிறு தவறாமல் சமைத்தார். கடைசி ஞாயிறு முருங்கைக்காயும் இறாலும். உப்பு கூடிவிட்டது என்று அம்மா சொல்ல, வயிறு குலுங்கச் சிரித்தார். செவ்வாய் அதிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார்.

வெடி விபத்து நடந்த அன்று அப்பாவைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்த தொழிலாளத் தோழருக்கும், மாதக்கணக்கில் மருந்து கட்டிய செவிலியருக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். தெருக்காரர்களுக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. நம் ஊரில் வெடி போடாமல் யாரையும் வழியனுப்புவதில்லை. ஆனால் அப்பாவுக்கு வெடிச்சத்தம் கடைசிவரை ஆகவில்லை. வேண்டாம் என்று அம்மா கேட்டதும், வாங்கி வைத்திருந்த சரவெடியை மாமா திரும்ப எடுத்துப் போனார். சுடுகாடு வரை அத்தனை பேரும் சத்தமில்லாமல் நடந்து வந்தீர்கள்.

மகள்